எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?

பதுளையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், எமது மாணவிகள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியையும் முத்தியங்கன விகாரையையும் எழுதுவார்கள். தேயிலைத் தோட்டங்களையும், 1924இல் இங்கே வந்து முடிந்த புகையிரதப் பாதையையும் எழுதுவார்கள். பதுளை ஒரு காலத்தில் எல்லைப்புறப் படைத்தளமாக இருந்தது என்று எழுதும் மாணவியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதன் பின் ஊவாவை ஆளவும் அதற்கு அப்பால் வெல்லஸ்ஸவைக் கண்காணிக்கவும் அவர்கள் பதுளையில் ஓர் அதிகாரியையும் படையையும் வைத்து, சிறு கோட்டை ஒன்றையும் அமைத்தார்கள். இன்று நகரில் நடப்பவர் கண்ணுக்கு, கோட்டை என்று சொல்லும்படி எதுவும் படுவதில்லை. வெலிமடைப் பக்கம் பரணகமையில் 1818இல் மேஜர் மெக்டொனல்ட் சிறு படையுடன் நின்று போரிட்ட இடமும் அப்படித்தான். ‘போர்ட் மெக்டொனல்ட்’ என்ற பெயர் மட்டும் ஆற்றிலும் பள்ளத்தாக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை நாளாந்தம் உச்சரிக்கிறோம். அது ஒரு கோட்டையின் பெயர் என்பதை மறந்துவிட்டோம்.

கோட்டை என்றால் என்னவென்று காட்டுவதற்காக, கடந்த ஆண்டு உயர்தர வகுப்பு மாணவிகள் சிலரை மட்டக்களப்புக்கு அழைத்துச் சென்றேன். போன வழியே ஒரு பாடம்தான். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹா ஓயா என்று இறங்கிச் செங்கலடியில் முடியும் ஏ5 வீதி அது. தார் வீதி வருவதற்கு முன்பு, கிழக்குக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏறியதும், மலையிலிருந்து பாக்கும் மிளகும் கரைக்கு இறங்கியதும் இந்தப் பக்கத்துக் காட்டுப் பாதைகளால்தான். சுமை தூக்கியவை தவளம் மாடுகள். அவற்றை ஓட்டிச் சென்றவர்களில் பெரும் பங்கினர் எமது முன்னோர்களான சோனகர்கள். கண்டி அரசில் மாட்டுப் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே’ என்ற தனிப் பிரிவு இருந்தது. கண்டி நாட்டு முஸ்லிம்கள் பலர் அதில் அடங்கியிருந்தார்கள்.

மட்டக்களப்புக் கோட்டை புளியந்தீவில், வாவியின் ஓரத்தில் நிற்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1638 மே மாதம் ஒல்லாந்தர், இரண்டாம் இராஜசிங்க மன்னனோடு உடன்பட்டு அதைப் பிடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயரிடம் போனது. மதிலில் பழைய பீரங்கிகள் இன்னும் வாவியைப் பார்த்தபடி இருக்கின்றன. உள்ளே சிறிய நூதனசாலை ஒன்றும் உண்டு. மாணவிகள் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள். அப்போது ஒரு பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்: “டீச்சர், இந்தச் சண்டைகள்ல எங்கட ஆக்கள் எந்தப் பக்கம் நின்றாங்க?”

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பிள்ளை விளையாட்டாகக் கேட்கவில்லை. பஸ்ஸிலும் கைப்பேசியிலும், “நீங்கள் நேற்று வந்தவர்கள்” என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, தாம் செய்யாத குற்றத்துக்காகச் சந்தியிலும் கடையிலும் முகம் குனிந்து நடந்த தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். திருப்பிச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று அவள் நினைத்ததில் வியப்பில்லை.

எமது சமூகத்திடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. போர்த்துக்கேயர் தமது பகுதியிலிருந்து துரத்திய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது அதன் ஒரு பகுதி. மற்றது, மஹியங்கனைப் பக்கம் பங்கரகம்மனையில் வழங்கும் வாய்மொழிக் கதை. எதிரிகள் துரத்த ஓடிவந்த மன்னன் ஒரு மரப் பொந்தில் ஒளிந்தான். அதைக் கண்ட முஸ்லிம் பெண்ணொருத்தி, எதிரிகள் வெட்டியபோதும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு மன்னன் அவளைத் தன் இரத்தம் என்று போற்றி, அவள் குடும்பத்துக்கு அந்த நிலத்தைக் கொடுத்தான். எமது மேடைகளில் இந்தக் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஊவாவின் மண்ணில் பிறந்த அழகான கதை அது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை.

ஆனால் இந்தக் கதையோடு நிறுத்திக்கொண்டால், அது முழுப் பதிலாகாது. அதே ஊவாவில் இன்னொரு வரலாறு இருக்கிறது. அதை நாம் மேடையில் சொல்வதில்லை.

ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவின் மடிகே முஹாந்திரமாக ஹாஜி மரைக்காரை நியமித்தார்கள். அவர் ஒரு சோனகர், ஆங்கிலேயருக்கு விசுவாசமானவர் என்று பெயர் பெற்றவர். அதுவரை அந்தப் பகுதியில் அதிகாரம் செலுத்திய மில்லவ திசாவைக்கு இது அவமதிப்பாகப் பட்டது. 1817இல் வெல்லஸ்ஸவில் ஒருவர் தம்மை அரசர் என்று அறிவித்ததும், பதுளையில் இருந்த ஆங்கில அதிகாரி டக்ளஸ் வில்சன் முதலில் ஹாஜி மரைக்காரின் ஆட்களைத்தான் அனுப்பினார். ஹாஜி மரைக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் நேரில் போன வில்சனும் செப்டெம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார். 1818 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி இப்படித்தான் மூண்டது. கிளர்ச்சிக்கான காரணங்களை அடுக்கும் குறிப்புகளில் ஹாஜி மரைக்காரின் நியமனமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். எமது மாணவிகள் பரீட்சைக்காக அதைப் பாடமாக்குகிறார்கள். வீட்டில் பேசுவதில்லை.

“அப்படியானால் எங்கட ஆக்கள் பிழையான பக்கமா?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், மற்றவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்ப்போம்.

கிளர்ச்சியாளர்கள் அரசராக ஏற்றுக்கொண்டவர், தம்மைத் துரைசாமி என்று அறிமுகப்படுத்தினார். பதவியிழந்த நாயக்கர் வம்சத்து மன்னனின் உறவினர் என்றார். உண்மையில் அவர் வில்பாவே என்ற முன்னாள் பௌத்த பிக்கு. சிங்களக் கிராமத்து மக்கள் ஒரு தென்னிந்திய அரச குடும்பத்துப் பெயரின் கீழ்தான் திரண்டு போரிட்டார்கள். கிளர்ச்சியின் தலைவராகப் போற்றப்படும் கெப்பெட்டிபொல, ஆங்கிலேயரின் கீழ் ஊவாவின் திசாவையாக இருந்தவர். கிளர்ச்சியை அடக்க அவரைத்தான் அனுப்பினார்கள். அவர் ஆங்கிலேயரின் ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மக்கள் பக்கம் போனார். 1818 நவம்பர் 26இல் கண்டி போகம்பறையில் அவர் தலை வெட்டப்பட்டது. அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1954இல்தான் திரும்பி வந்தது. மொல்லிகொட போன்ற பெரிய சிங்களத் தலைவர்களோ கடைசிவரை ஆங்கிலேயருடனேயே நின்றார்கள். கெப்பெட்டிபொல உள்ளிட்ட 19 பேரைத் துரோகிகள் என்று 1818இல் ஆங்கில ஆளுநர் அறிவித்தார். அந்த அறிவிப்பை 2016 டிசம்பரில் இலங்கை அரசு இரத்துச் செய்தது. ‘துரோகி’ என்ற சொல் எவ்வளவு காலம் ஒருவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு இது ஒன்றே போதும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்.

எமது பக்கத்திலும் இதே கதைதான். 1803இல் கண்டியைப் பிடிக்கப் போன ஆங்கிலப் படையில் மலாய்க்காரர்கள் இருந்தார்கள். அவர்களின் கப்டன் நூருத்தீன். அவருடைய சகோதரர் சங்குங்லோ கண்டி மன்னனுடைய மலாய்ப் படைக்குத் தலைவர். ஒரு தாய் வயிற்று உறவு மதிலுக்கு இரு புறமும் நின்றது. அந்த ஆண்டு இருவருமே உயிரிழந்தார்கள். நூருத்தீன் மன்னனின் பக்கம் சேர மறுத்ததால் கொல்லப்பட்டார். 1818இல் ஊவாவுக்கு வந்த ஆங்கிலப் படையிலும் மலாய் வீரர்கள் இருந்தார்கள். மலாய்ப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்ட பிறகு, பலர் பொலிஸ் சேவைக்கும் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். பதுளையில் வாழும் மலாய்க் குடும்பங்களின் பிள்ளைகள் எமது வகுப்பறையிலும் இருக்கிறார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: “எல்லாப் பக்கத்திலும் நின்றாங்க, மகள்.” ஒரு நாட்டில் உண்மையாக வாழ்கிற மக்கள் அப்படித்தான் இருப்பார்கள். வயிற்றுப்பாட்டுக்காக, பயத்தால், விசுவாசத்தால், பதவி ஆசையால், நீதி உணர்வால் வேறு வேறு பக்கம் நிற்பார்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று ஒரு சமூகத்தின் வரலாறு சொன்னால், பாதியை யாரோ மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பக்கம் என்ற கோட்டைக் கீறியவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1818 மார்ச்சில் ஆளுநர் பிரௌண்ரிக் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கண்டிப் பிரதேசத்துச் சோனகர்கள் இனிமேல் கண்டித் தலைவர்களின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கு அவர்களுடைய சொந்தத் தலைவர்களே இருப்பார்கள் என்றது அது. பார்த்தால் சலுகை. ஆனால் ஒரே ஊரில் ஒரே அதிகாரியின் கீழ் பல தலைமுறைகள் வாழ்ந்த இரண்டு சமூகங்களுக்கிடையே போர்க்காலத்தில் இட்ட கோடு அது. அதை வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி அயல் வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

போருக்குப் பிறகு ஊவா வெறுமையானது. வீடுகள் எரிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன, வயல்களும் குளங்களும் பாழாக்கப்பட்டன. 1819இல் இந்தப் பகுதியில் பயணம் செய்த ஜோன் டேவி என்ற ஆங்கிலப் படை மருத்துவரே அந்தப் பாழ்நிலையைத் தமது நூலில் பதிந்திருக்கிறார். பிறகு 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனை நிலமும் அரசுக்குப் போய், அங்கிருந்து தோட்டத் துரைமாரிடம் போயின. முதலில் கோப்பி, பிறகு தேயிலை. வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. நாம் இன்று பசுமை என்று பார்க்கும் நமுனுகுலைச் சரிவுகளும் தெமோதரை, ஹாலிஎல, பசறைத் தோட்டங்களும் அந்தப் போருக்குப் பின் வந்த ஊவாவின் பகுதிகள். பதுளைக் கோட்டையையும் தோட்டத்து லயத்தையும் இரண்டு தனிப் பாடங்களாகப் படிக்கிறோம். இரண்டும் ஒரே பாடத்தின் முன்பாதியும் பின்பாதியும்.

லயத்து மக்களிடமும் “எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்வதென்றும் எண்ணிப் பிரித்தது. தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்கும் பிரிந்த குடும்பங்கள் எமது ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு மனிதர் இந்த மண்ணுக்கு உரியவரா என்பதற்கு, ‘விசுவாசத்தை நிரூபி’ என்ற அளவுகோலை வைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நாளைக்கு அந்த அளவுகோல் யார் மீதும் வைக்கப்படலாம். ஆகவேதான் சொல்கிறேன்: பங்கரகம்மனைக் கதையை அன்போடு சொல்லுங்கள், ஆனால் குடியுரிமைச் சான்றிதழாகக் காட்டாதீர்கள். அந்தப் பெண் மன்னனைக் காப்பாற்றாமல் இருந்திருந்தாலும், நாம் இந்த நாட்டவர்தான்.

நூதனசாலைகள் இங்கே என்ன செய்ய முடியும்? அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்னெலிங் கோட்டை என்று ஒரு எல்லைப்புறக் கோட்டை உண்டு. எமது ஊவாப் போருக்குச் சற்றுப் பின், 1825இல் கட்டி முடிக்கப்பட்டது. நீண்ட காலம் அங்கே படைவீரர்களின் வாழ்க்கையே முக்கியமாகக் காட்டப்பட்டது. ஆனால் 1862–63 குளிர்காலத்தில், அந்தக் கோட்டையின் கீழே ஏறத்தாழ 1,600 டகோட்டாப் பழங்குடி மக்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் முதியோரும், அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். விடுதலை கேட்டு நீதிமன்றம் போய் வரலாற்றில் இடம்பெற்ற ட்ரெட் ஸ்கொட் என்ற கறுப்பினத்தவரும் அவர் மனைவி ஹெரியட்டும் அடிமைகளாக வாழ்ந்ததும் அங்கேதான். இன்று அங்கே போகிறவர்களுக்கு இவையும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. இதனால் கோட்டை சிறுத்துப்போகவில்லை. உள்ளே வரும் யாவரும், ‘எங்கள் ஆட்களும் இதில் இருக்கிறார்கள்’ என்று காணும் இடமாகியிருக்கிறது.

ஊவாவுக்கும் அப்படியொரு கூடம் வேண்டும் என்பது எனது கருத்து. பெரிய மாளிகை தேவையில்லை. பழைய அரச கட்டடம் ஒன்றில் ஒரு கூடம் போதும். அதில் கெப்பெட்டிபொலவின் வரலாறு இருக்கட்டும். ஹாஜி மரைக்காரின் வரலாறும் மறைக்காமல் இருக்கட்டும். தவளம் மாட்டின் கழுத்துமணியும் உப்புச் சாக்கும், மலாய் வீரரின் பழைய பத்திரமும், கொழுந்துக் கூடையும், பெரட்டுக்கு அழைத்த தப்பும், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதியும் இருக்கட்டும். டக்ளஸ் வில்சனின் மனைவி சோபியாவும் இருக்கட்டும். கணவர் கொல்லப்பட்ட அதே 1817இல் பதுளையில் இறந்தவர் அவர். அவருடைய கல்லறைக் கல்லை ஒரு மரம் வளர்ந்து தன்னுள் பற்றிக்கொண்டது. பழைய பயண நூல்கள் அதைப் பதுளையின் அதிசயங்களில் ஒன்றாக எழுதின. வெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயர் கல்லில் நிலைத்தது. மன்னனைக் காத்தவளாகச் சொல்லப்படும் பெண்ணின் பெயரும், அந்தப் போரில் பட்டினியால் மடிந்த கிராமத்துத் தாய்மாரின் பெயர்களும், இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளிய முதல் பெண்களின் பெயர்களும் எங்குமே இல்லை. ஒரு பெண்கள் கல்லூரி இதையாவது கவனிக்க வேண்டாமா?

சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு: “இந்தக் காலத்தில் ஹாஜி மரைக்காரை ஏன் கிளற வேண்டும்? மற்றவர்கள் அதை எடுத்து எம்மையே அடிப்பார்களே.” அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கதை ஏற்கெனவே வெளியே இருக்கிறது. நாம் சொல்லாவிட்டால், நாம் இல்லாமல் சொல்லப்படும். அப்போது தவளம் மாடுகளும் இருக்காது, பிரௌண்ரிக்கின் பிரகடனமும் இருக்காது. ஒரு சோனகர் ஆங்கிலேயருக்கு உதவினார் என்ற ஒற்றை வரி மட்டுமே இருக்கும். எமது பிள்ளை அதை வேறொருவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டுத் திகைத்து நிற்பாள். அதைவிட, வீட்டில் வாப்பாவிடமும் உம்மாவிடமும் முழுமையாகக் கேட்டு வளர்வது நல்லது.

மேலும், இது எமது மார்க்கம் கற்பித்ததும்கூட. சூரா அந்நிஸாவின் 135ஆவது வசனம், நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரி என்று கட்டளையிடுகிறது. வரலாறும் ஒரு சாட்சியம்தான். எமக்கு வேண்டியதை மட்டும் சொல்லி மற்றதை விழுங்குவது, நீதிமன்றத்தில் பாதிச் சாட்சி சொல்வதைப் போன்றது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பயம் எமது வீடுகளிலிருந்தே பலவற்றை அழித்துவிட்டது. 2019இல் எனது உறவினர் வீடொன்றில், பரம்பரையாக வந்த அரபுத்தமிழ் ஏடுகளை இரவோடிரவாக அடுப்பில் போட்டார்கள். எழுத்து அரபு, மொழியோ நாம் பேசும் தமிழ். வாசிக்கத் தெரியாதவர்கள் கண்டு சந்தேகப்படுவார்களோ என்ற பயம். அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. எந்தப் படையும் வந்து அதை எரிக்கவில்லை.

எஞ்சியிருப்பதையாவது காப்பாற்றுவோம். பழைய காணி உறுதி, நிக்காஹ் பதிவு, கடைக் கணக்குக் கொப்பி, தோட்டத்துக் கடையின் கடன் புத்தகம், மங்கிப்போன புகைப்படம் எதையும் குப்பை என்று வீசிவிடாதீர்கள். மாணவிகளே, இந்த விடுமுறையில் உம்மும்மாவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் குடும்பம் எந்த வழியால் இந்த ஊருக்கு வந்தது? என்ன தொழில் செய்தது? பக்கத்து வீட்டுச் சிங்கள, தமிழ்க் குடும்பங்களோடு கொடுக்கல் வாங்கல் எப்படி இருந்தது? சொல்வதை, சொன்ன வார்த்தையிலேயே ஒரு கொப்பியில் எழுதி, திகதியும் இடுங்கள். அவர் வெட்கப்பட்டுச் சொல்லும் பகுதியையும் எழுதுங்கள். பெரும்பாலும் அதில்தான் வரலாறு இருக்கும். அடுத்த தவணையில் அந்தக் கொப்பிகளைப் பாடசாலை நூலகத்தின் ஓர் அலுமாரியில் சேர்ப்போம். ஊவாவின் நூதனசாலை எப்போது திறக்கும் என்பது எமது கையில் இல்லை. அது திறக்கும் நாளில் உள்ளே வைப்பதற்கு எம்மிடம் ஏதாவது இருக்குமா என்பது எமது கையில்தான் இருக்கிறது.